ஒலி கேட்கிறது, உருவம் தெரியவில்லை

ஒரு புதிர்

கல்யாண வீட்டில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மணமகளின் தம்பி தன் ஐபோனை உயர்த்திப் பிடித்து, வித்வான் தோடி ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்வதை ஒரு நிமிஷ நேரம் படம் எடுத்துக்கொள்கிறான். மறுநாள் அந்தக் கோப்பை வீட்டிலுள்ள பழைய கணினிக்குக் கேபிள் வழியாக ஏற்றி, இணையப் பக்கங்களைப் பார்ப்பதற்காக நாம் வைத்திருக்கும் உலாவிக்குள் இழுத்துவிடுகிறான். தோடி கேட்கிறது, தவில் கேட்கிறது, பந்தல் ஓரத்தில் யாரோ ஒருவர் காப்பி கேட்பதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. படம் வரவேண்டிய இடத்திலோ வெறும் கறுப்பு. அதே கோப்பை, அதே கணினியில், வி.எல்.சி. என்னும் செயலியைக் கொண்டு திறந்தால், வித்வானின் விரல்கள் துளைகளின்மீது ஓடுவதும், பக்கத்தில் இருப்பவர் தலையசைப்பதும் பளிச்சென்று தெரிகின்றன.

இத்தகைய அனுபவம் ஏற்பட்டவுடன் நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் இரண்டு உண்டு. கோப்பு கெட்டுப்போய்விட்டது என்பது ஒன்று. இணையம் மந்தமாக இருக்கிறது என்பது மற்றொன்று. கோப்பு கெட்டிருக்குமானால் வி.எல்.சி.யிலும் ஓடியிராது. இணையமோ இந்த விவகாரத்தில் சம்பந்தப்படவே இல்லை. கோப்பு இருப்பது வீட்டுக் கணினியின் வட்டில், அதைப் படிக்கும் உலாவி இருப்பதும் அதே கணினியில். கணினிக்குச் சக்தி போதவில்லை என்றும் சொல்வதற்கில்லை. போதாத கணினி வி.எல்.சி.யில் மட்டும் எப்படிப் படத்தைக் காட்டும்? ஆகவே, கெடாத கோப்பு ஒன்றை, அதைக் காட்டும் வலிமை உள்ள கணினியிலிருந்துகொண்டே, உலாவி ஏன் காட்ட மறுக்கிறது என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. இதற்கு விடை காண்பதற்கு, அந்த ஒரு நிமிஷப் படம் கோப்பாக மாறும் விதத்தை முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு நிமிஷத்தின் எடை

திரையில் அசைவதாகத் தோன்றுவதெல்லாம் அசையாத படங்களின் விரைவான வரிசையே என்பது சினிமாக் கொட்டகை காலத்திலிருந்து எல்லாரும் அறிந்த விஷயம். நம் கல்யாண வீட்டுத் தொலைபேசி விநாடிக்கு 30 படங்கள் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்திலும் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்லச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் ஆளுக்கொரு எண் வேண்டும். அந்த எண் ஒவ்வொன்றும் கணினியில் ஒரு பைட் இடத்தைப் பிடிக்கும். அப்படியானால் ஒரே ஒரு படத்துக்கு 62 இலட்சம் பைட்டுக்கு மேல் ஆகிறது; ஒரு விநாடிக்கு 18 கோடியே 66 இலட்சத்துக்கு மேல்; ஒரு நிமிஷத்துக்கோ 1,119 கோடியே 74 இலட்சத்து 40 ஆயிரம் பைட். இது பதினொரு கிகாபைட்டுக்கும் அதிகம். 4.7 கிகாபைட் கொள்ளும் டி.வி.டி. தகடுகள் இரண்டை எடுத்துக்கொண்டாலும் இந்த ஒரு நிமிஷத் தோடி அவற்றில் அடங்காது.

ஆனால் ஐபோனில் கேமராவுக்கான அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள் அங்கே ஒரு குறிப்பைக் காணலாம்: இந்தத் தரத்தில் ஒரு நிமிஷம் எடுத்தால் ஏறத்தாழ 60 மெகாபைட் செலவாகும் என்று அது சொல்கிறது. மேலே கணக்கிட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது சுமார் 187இல் ஒரு பங்கு. எஞ்சிய 186 பங்கும் எங்கே போயின? கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லையே! இந்த விந்தையைச் செய்யும் உபாயத்திலேதான் நம் புதிரின் வேரும் இருக்கிறது.

சுருக்கும் வித்தை

முதற் சுருக்கம் மனிதனுடைய கண்ணின் இயல்பை நம்பிச் செய்யப்படுவது. வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை மிக நுட்பமாக உணரும் நம் கண், நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு நுட்பமாக உணர்வதில்லை. ஆகையால், ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவைத் தனித்தனியே குறித்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக ஒரே தடவை குறித்தால் போதும். இவ்வளவிலேயே 1,120 கோடி 560 கோடியாகிவிடுகிறது. பார்ப்பவர் எவரும் கண்டுகொள்வதில்லை.

இரண்டாவது சுருக்கத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில், அதைக் கண்டவர்கள் நம் நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நஸீர் அகமது, 1972ஆம் ஆண்டில், படங்களைச் சுருக்குவதற்குப் புதியதொரு கணித முறையை ஆராயப் பணம் வேண்டுமென்று அந்நாட்டுத் தேசிய அறிவியல் அமைப்பிடம் விண்ணப்பித்தார். யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்று சொல்லி அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர் விடவில்லை. தம் மாணவர் டி. நடராஜனையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றுப் பின்னர் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கிய கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு அந்த ஆராய்ச்சியை முடித்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளியாயிற்று. கொசைன் உருமாற்றம் என்பது அம்முறையின் பெயர். இன்று உலகில் எடுக்கப்படும் புகைப்படங்களிலும் காணொளிகளிலும் மிகப் பெரும்பாலானவை அதையோ, அதிலிருந்து பிறந்த முறைகளையோ கொண்டே சுருக்கப்படுகின்றன. கற்றவர் பலரும் அந்த மூவரின் பெயரை அறியாதிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

அதன் சாரத்தைச் சமன்பாடு இல்லாமலே சொல்லலாம். படத்தை எட்டுக்கு எட்டாக, அதாவது 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தையும் 64 அடிப்படைக் கோலங்களின் கலவையாகச் சொல்லிவிட முடியும். முதற் கோலம் ஒரே சீரான பரப்பு, அடுத்தவை மெல்ல ஏறி இறங்கும் நிழல்கள், கடைசியானவை மிக நெருங்கிய கோடுகளும் கட்டங்களும். பந்தல் துணியின் ஒரு பகுதியையோ வித்வானின் சட்டைத் தோளையோ எடுத்துக்கொண்டால், முதல் நான்கைந்து கோலங்களே அதன் உருவத்தை ஏறக்குறைய முழுவதும் சொல்லிவிடுகின்றன. மற்றவற்றின் அளவு பூஜ்யத்தை நெருங்கியிருக்கும். அந்த அற்ப அளவுகளைத் தள்ளிவிட்டால் 64 எண்கள் இருந்த இடத்தில் நான்கைந்து எண்களே மிஞ்சும்.

மூன்றாவது சுருக்கமே எல்லாவற்றிலும் பெரிது. ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பாகத்தில் கல்யாணப் பந்தலில் எவ்வளவு மாறிவிடும்? துணி மாறவில்லை, வாழைமரம் மாறவில்லை, விளக்கு மாறவில்லை. வித்வானின் விரல்கள் மாத்திரம் இம்மியளவு நகர்ந்திருக்கின்றன. ஆகவே முதற் படத்தை முழுமையாக எழுதிக்கொண்டு, அடுத்த படத்துக்கு 'முன்னதைப் போலவே. இன்ன கட்டம் மட்டும் இவ்வளவு தூரம் வலப்பக்கம் நகர்ந்தது' என்று குறித்தால் காரியம் முடிந்தது. முழுமையாக எழுதப்படுவதை முழுப்படம் என்றும், மாற்றத்தை மட்டும் சொல்வதை வேறுபாட்டுப் படம் என்றும் இந்நூலில் அழைப்போம். வேறுபாட்டுப் படத்துக்குத் தனியே பொருள் இல்லை. தனக்கு முந்திய முழுப்படம் கைவசம் இருந்தாலன்றி அதை வரைய முடியாது. காணொளியின் நடுவே விரலை வைத்து இழுத்தவுடன் அது ஒரு கணம் திகைத்து நிற்பதற்குக் காரணமும் இதுவே: நாம் கேட்ட இடத்தில் பெரும்பாலும் வேறுபாட்டுப் படமே இருப்பதால், உலாவி பின்னோக்கிச் சென்று ஒரு முழுப்படத்தைத் தேடியெடுத்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு நாம் கேட்ட இடத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

இவ்வாறு சுருக்குவதற்கும், சுருக்கியதை மீண்டும் விரிப்பதற்குமான விதிகளின் முழுத் தொகுதிக்குக் கோடெக் என்று பெயர். விதிகளை வகுத்தவர்கள் பலர். ஆகவே கோடெக்குகளும் பல. 2003இல் முடிவான எச்.264 என்பது இன்று எங்கும் பரவியிருப்பது. 2013இல் அதற்குத் தம்பியாக வந்தது எச்.265. அண்ணன் 16க்கு 16 புள்ளிகளுக்கு மேற்படாத கட்டங்களைக் கொண்டு வேலை செய்ய, தம்பி 64க்கு 64 வரையிலும் பெரிய கட்டங்களை எடுத்துக்கொள்வதோடு இன்னும் பல யுக்திகளையும் கையாள்கிறது. அகலமான பந்தல் துணியை ஒரே கட்டத்தில் சொல்லி முடித்துவிடலாம் அல்லவா? முன்னே சொன்ன அதே அமைப்புப் பக்கம், ஒரு நிமிஷத்துக்கு எச்.264 முறையில் 130 மெகாபைட் ஆகும் என்றும், எச்.265 முறையில் 60 ஆகும் என்றும் குறிப்பதன் காரணம் அதுதான். 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு இரண்டாவதை மேற்கொண்டன. எடுத்தவனுக்கு இது தெரியாது. அவனை யாரும் கேட்கவும் இல்லை.

பெயரின் வால் சொல்வது என்ன?

அந்தக் கோப்பின் பெயருக்குப் பின்னே எம்.ஓ.வி. என்ற மூன்றெழுத்து இருக்கும். வேறு கோப்புகளில் எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., வெப்எம் என்றெல்லாம் இருக்கக் காண்கிறோம். இந்த எழுத்துகளே காணொளியின் வகையைச் சொல்கின்றன என்பது பலருடைய நம்பிக்கை. தொல்லைகளில் பாதி இந்த நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது.

உண்மையில் அவை கொள்கலனின் பெயர்கள். சாப்பாடு எடுத்துச் செல்லும் அடுக்குக் கேரியரை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும்: ஓர் அடுக்கில் படம், மற்றோர் அடுக்கில் ஒலி, இன்னும் ஒன்றில் வசனத்தின் எழுத்து வடிவம். கேரியரின் அமைப்பைக் கண்டு அது எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடலாமே தவிர, உள்ளே இருப்பது சாம்பாரா வற்றற்குழம்பா என்று சொல்ல முடியாது. எம்.பி.4 என்ற ஒரே கொள்கலனுக்குள் எச்.264உம் இருக்கலாம், எச்.265உம் இருக்கலாம், வேறொன்றும் இருக்கலாம். ஆகையால், 'நேற்று ஓர் எம்.பி.4 ஓடிற்றே, இன்று மட்டும் ஏன் இன்னொரு எம்.பி.4 ஓடவில்லை?' என்று கேட்பதற்கே இடமில்லை. பெயரின் வாலை அழித்து எம்.ஓ.வி. என்பதை எம்.பி.4 என்று மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. அவ்விரண்டும் ஒரே குடும்பத்துக் கொள்கலன்கள் ஆகையால் சில வேளைகளில் அது பலிப்பது போலத் தோன்றும். ஆயினும் உள்ளே இருப்பது எதுவும் அதனால் மாறுவதில்லை.

நம் புதிரில் ஒலி மட்டும் கேட்டதன் மர்மம் இங்கே விலகுகிறது. ஐபோன் ஒலியை ஏ.ஏ.சி. என்ற முறையில் எழுதுகிறது. அதைப் பெரும்பான்மையான உலாவிகள் அறியும். படத்தை எச்.265இல் எழுதுகிறது, அந்தப் பழைய கணினியில் உலாவிக்கு அது வசப்படவில்லை. ஓர் அடுக்கைத் திறந்து, மற்றோர் அடுக்கைத் திறக்க முடியாமல் நிற்கிறது உலாவி. இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. எம்.கே.வி. கொள்கலனில் வரும் சினிமாக்கள் சிலவற்றில் படம் ஓடும், வாய் அசையும், பேச்சே வராது. அவற்றின் ஒலி, திரையரங்கு வழியிலிருந்து வந்த ஏ.சி.3 அல்லது டி.டி.எஸ். என்னும் முறைகளில் எழுதப்பட்டிருக்கும். அவற்றை விரிக்கும் உரிமத்தைப் பல உலாவிகள் பெற்றிருப்பதில்லை.

உரிமம் என்ற சொல் வந்துவிட்டது. இனி விஷயம் கணிதத்தை விட்டுச் சட்டத்துக்குள் புகுகிறது.

உலாவி ஏன் மறுக்கிறது?

ஆதியில் உலாவிக்குக் காணொளி காட்டவே தெரியாது. ரியல்பிளேயர், குவிக்டைம், பிற்பாடு பிளாஷ் என்று வெளியார் எழுதிய சொருகு நிரல்களை ஒவ்வொருவரும் தேடி நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. 2005இல் யூடியூப் பிறந்தபோது அது பிளாஷை நம்பியே பிறந்தது. அந்தப் பிளாஷோ அடிக்கடி நின்றுபோகும், கணினியைச் சூடாக்கும், பாதுகாப்பில் ஓட்டைகளுக்குப் பேர்போனது. படங்களுக்கு எப்படிப் பக்கத்தின் மொழியிலேயே இடம் இருக்கிறதோ, அப்படியே காணொளிக்கும் இடம் இருக்க வேண்டும் என்று 2007இல் ஆப்பரா என்னும் உலாவியை வெளியிடும் நிறுவனத்தார் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். அந்த யோசனை ஏற்கப்பட்டது. அது எச்.டி.எம்.எல். 5 என்ற பக்கமொழித் தரத்தில் இடம்பெற்றது.

ஆனால் அந்த இடத்தில் எந்தக் கோடெக்கை வைப்பது? தீயோரா என்னும் இலவசக் கோடெக்கை எல்லாரும் ஆதரிக்க வேண்டுமென்று முதல் வரைவில் எழுதியிருந்தது. அதை ஆப்பிள் போன்றவர்கள் ஏற்கவில்லை. அதை விரிக்கும் சில்லுகள் கருவிகளில் இல்லை என்றும், எவருக்கும் தெரியாமல் யாருடைய காப்புரிமையாவது அதற்குள் மறைந்திருக்கலாம் என்றும் அஞ்சினார்கள். அப்படியானால் எச்.264 இருக்கட்டும் என்றால், அதை மொஸில்லாவும் ஆப்பராவும் ஏற்கவில்லை. எச்.264இன் யுக்திகளில் பல ஏதேனும் ஒரு நிறுவனத்தின் காப்புரிமையாக இருந்தன; அந்நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கட்டணம் வசூலிக்க எம்.பி.இ.ஜி. எல்.ஏ. என்றொரு கூட்டு ஏற்பாடு இருந்தது. விரிக்கும் நிரலை வெளியிடுவோர் ஆண்டுக்கு 1 இலட்சம் பிரதிகள் வரை ஒன்றும் தரவேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல் பிரதிக்கு 20 அமெரிக்க சென்ட் என்று விகிதம் தொடங்கி, பெரிய நிறுவனங்களுக்கு மொத்தத்தில் ஓர் உச்சவரம்பும் இருந்தது. பணமுள்ளவர்களுக்கு அது பெரிதில்லை. ஆனால் மொஸில்லாவின் பயர்பாக்ஸ் உலாவி சுதந்திர மென்பொருள்; யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, மறுபடி வெளியிடலாம் என்பதே அதன் அடிப்படைத் தருமம். அவ்வாறு எடுத்தவர் எத்தனை பேர், அவரிடமிருந்து பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணிக் கட்டணம் கட்டுவது எங்ஙனம்?

வாக்குவாதம் தீரவில்லை. 2009இல் தரத்தின் பதிப்பாசிரியர் இயன் ஹிக்ஸன், எல்லாரும் ஒப்பும் கோடெக் ஒன்றும் இல்லை என்று கண்டு, அந்த நிபந்தனையையே வரைவிலிருந்து எடுத்துவிட்டார். காணொளிக்கு இடம் உண்டு, ஆனால் எந்தக் காணொளி என்று விதி சொல்லாது என்னும் விசித்திரமான நிலை அன்று ஏற்பட்டது. அந்த நிலை இன்றும் நீடிக்கிறது. அடுத்த ஆண்டில் கூகுள் தான் விலைக்கு வாங்கிய வி.பி.8 என்ற கோடெக்கை இலவசமாக வெளியிட்டது. 2011இன் தொடக்கத்தில் தன் குரோம் உலாவியிலிருந்து எச்.264ஐ நீக்கிவிடுவதாகவும் அறிவித்தது, ஆனால் நீக்கவில்லை. உலகம் அதற்குள் எச்.264இல் படம் எடுக்கப் பழகிவிட்டது. 2012இல் மொஸில்லாவும் இறங்கிவந்து, தானே அந்த நிரலைச் சுமக்காமல், கணினியின் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் விரிப்பியைப் பயன்படுத்திக்கொள்ள முடிவு செய்தது. 2013இல் சிஸ்கோ நிறுவனம், உரிமக் கட்டணத்தைத் தான் செலுத்திவிட்டு, எச்.264 நிரலொன்றைக் காணொளி உரையாடலின் பொருட்டு எல்லாருக்கும் இலவசமாக வழங்க முன்வந்தது. இவ்வளவு பிரயாசைக்குப் பின்னரே எச்.264 எங்கும் ஓடலாயிற்று.

எச்.265 வந்தபோது கதை மேலும் சிக்கலாயிற்று. அதன் காப்புரிமைகளுக்குக் கட்டணம் கேட்கும் கூட்டுகள் ஒன்றல்ல, மூன்றாகப் பெருகின. எந்தக் கூட்டிலும் சேராமல் தனித்து நின்றவர்களும் இருந்தார்கள். அலுத்துப்போன கூகுள், மொஸில்லா, மைக்ரோஸாப்ட், அமேசான், நெட்பிளிக்ஸ், இன்டெல், சிஸ்கோ ஆகியோர் 2015இல் ஒரு சங்கம் சேர்ந்து, கட்டணமற்ற புதிய கோடெக்கை வகுக்கத் தொடங்கினார்கள். 2018இல் அது ஏ.வி.1 என்ற பெயரில் வெளிவந்தது. எச்.265ஐப் பொறுத்தவரையில் குரோம் 2022 வரையில் பாராமுகமாகவே இருந்தது. அவ்வாண்டு முதல் ஒரு நிபந்தனையோடு ஏற்கிறது: அதை விரிக்கும் தனிச் சுற்று கணினியின் சில்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். சில்லைச் செய்தவர் செய்யும்போதே அந்தப் பொறுப்பை ஏற்றுவிடுவதால் உலாவி தானாக ஒரு விரிப்பியை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்டெல் சில்லுகளில் அத்தகைய முழுமையான சுற்று 2015 வாக்கில்தான் இடம்பெற்றது. நம் கல்யாண வீட்டுக் கணினி அதற்கு முற்பட்டது. கறுப்புத் திரைக்குக் காரணம் அவ்வளவே.

அப்படியானால் வி.எல்.சி. மட்டும் எப்படிக் காட்டிற்று? பாரிஸ் நகரத்து எகோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சி அது. விரிக்கும் நிரல்கள் அத்தனையையும் அது தன்னோடு சுமந்து வருகிறது. சில்லில் தனிச் சுற்று இல்லையென்றால் கணினியின் பொதுச் செயலகத்தைக் கொண்டே வேலையை முடித்துவிடுகிறது. பிரெஞ்சு நாட்டுச் சட்டம் மென்பொருளைக் காப்புரிமைக்கு உரியதாகக் கருதுவதில்லை என்பது அதை வெளியிடுவோரின் நிலை. ஆகவே வல்லமையில் உலாவி குறைந்தது என்று நினைக்க வேண்டாம். செய்ய முடிந்ததைச் செய்யாதபடி அது கட்டுண்டு நிற்கிறது.

உலாவியின் தயக்கத்துக்கு நியாயமான காரணம் ஒன்றும் உண்டு என்பதை மறைக்கலாகாது. வி.எல்.சி.யில் நாம் திறப்பது பெரும்பாலும் நாமே தேர்ந்த கோப்பு. உலாவியோ முன்பின் அறியாத ஆயிரம் பேர் அனுப்புவதை நம்மைக் கேளாமலே திறக்கிறது. விரிப்பி என்பது சிக்கலான நிரல். அதில் ஒரு பிழை இருந்தால், அதற்கென்றே புனைந்த காணொளி ஒன்று கணினிக்குள் புகுந்துவிடலாம். 2015இல் ஆண்ட்ராய்டு தொலைபேசிகளின் காணொளிப் பகுதியான ஸ்டேஜ்பிரைட்டில் அத்தகைய பிழைகள் வெளிப்பட்டன. ஒரு செய்தியோடு வந்த காணொளியே தொலைபேசியைப் பிறர் வசமாக்கப் போதுமானதாக இருந்தது. எனவே விரிப்பிகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்வதில் விவேகம் உண்டு. நான் குறை சொல்வது வேறொன்றை. 'இந்தக் கோப்பின் படம் எச்.265 முறையில் எழுதப்பட்டது. இந்தக் கணினியில் அதை விரிக்க வழியில்லை' என்று ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினால், பார்ப்பவர் தம் கோப்பு கெட்டது என்று அஞ்சி அதை அழிக்கமாட்டார். கறுப்புத் திரையை மட்டும் காட்டி மௌனமாக இருந்துவிடுவது பயனாளருக்குச் செய்யும் அநீதி.

மாற்றி எழுதுதல்

பரிகாரம் கடினமானதல்ல. இனி எடுக்கப்போகும் படங்களுக்கு, தொலைபேசியின் கேமரா அமைப்பில் வடிவம் என்ற பகுதிக்குச் சென்று, எல்லாவற்றோடும் பொருந்துவது என்ற பொருளுடைய 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்னும் தேர்வைத் தொட்டுவிட்டால் எச்.264இல் எழுதும்; இடம் இருமடங்கு போகும். எடுத்து முடித்த படங்களை எப்.எப்.எம்.பெக், ஹேண்ட்பிரேக் போன்ற இலவச நிரல்களைக் கொண்டு மாற்றலாம். மாற்றும் வழிகள் இரண்டு என்பதும், அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே இருப்பது எச்.264ஆகவே இருந்து, கொள்கலன் மட்டும் எம்.கே.வி.யாக இருப்பதால் உலாவி முரண்டு பிடித்தால், உள்ளடக்கத்தைத் தொடாமல் எம்.பி.4 கொள்கலனுக்கு எடுத்து வைத்தால் போதும். இரண்டரை மணி நேரச் சினிமாவுக்கும் இது சில நிமிஷங்களில், பெரும்பாலும் அதனினும் விரைவில் முடியும். தரத்தில் அணுவளவும் குறையாது. கோடெக்கே மாற வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் முழுதாக விரித்து, மறுபடி முதலிலிருந்து சுருக்க வேண்டும். பழைய கணினியில் இதற்கு நெடுநேரம் பிடிக்கும். சுருக்கும்போது அற்ப அளவுகளைத் தள்ளினோம் அல்லவா? இரண்டாம் முறை சுருக்கும்போது மறுபடியும் சிலவற்றைத் தள்ளுகிறோம். ஆகையால் மாற்றிய பிரதியை உறவினருக்கு அனுப்பலாம். மூலத்தை அழிக்கக் கூடாது. நண்பர்களுக்கிடையே கைமாறிக் கைமாறி வரும் காணொளிகளில் முகங்கள் களிமண் பூசினாற்போல் ஆவதற்கு, ஒவ்வொரு கையிலும் மீண்டும் மீண்டும் சுருக்கப்படுவதே காரணம்.

தானாக ஓடாத படம்

பக்கத்தைத் திறந்தவுடன் காணொளி தானாக ஓட வேண்டுமென்று எழுதியிருந்தும் அசையாமல் நிற்பதைக் கண்டு பக்கம் அமைப்போர் பலர் மயங்குகிறார்கள். இதில் கோடெக்குக்குச் சம்பந்தமில்லை. கேளாமலே கத்தும் விளம்பரங்களால் ஜனங்கள் பட்ட அவதியைக் கண்டு, 2018 ஏப்ரலில் வந்த குரோமின் 66ஆம் பதிப்பு முதல், ஒலியுடன் கூடிய காணொளி, பார்ப்பவர் அந்தப் பக்கத்தில் எதையாவது தொட்டாலன்றிப் பொதுவாகத் தானாகத் தொடங்குவதில்லை. ஒலி அடக்கப்பட்டிருந்தால் தொடங்கும். ஆப்பிளின் உலாவியான ஸபாரி அதற்கு முன்பே இவ்வழிக்கு வந்துவிட்டது. இது நல்ல ஏற்பாடு என்பதே என் அபிப்பிராயம்.

அட்டவணை எங்கே?

கோடெக் சரி, கொள்கலன் சரி, எனினும் இணையப் பக்கத்தில் ஏற்றிய காணொளி வெகுநேரம் சுழன்றுகொண்டே இருந்து, முழுக் கோப்பும் வந்து சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குகிறது என்ற குறையும் அடிக்கடி கேட்பது. இதன் காரணம் கோப்பின் உள்ளமைப்பில் இருக்கிறது. எம்.பி.4 கோப்புக்குள் படங்களும் ஒலித் துண்டுகளும் ஒரு பெரிய குவியலாக இருக்கும். எந்தப் படம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, அதன் நீளம் என்ன, எப்போது திரையில் தோன்ற வேண்டும் என்பதையெல்லாம் சொல்லும் அட்டவணை ஒன்று தனியே இருக்கும். அட்டவணை கையில் இல்லாமல் குவியலிலிருந்து ஒரு படத்தையும் எடுக்க முடியாது.

கேமரா படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, எப்போது நிறுத்துவார்கள், இனிவரும் படங்கள் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகையால் எடுத்து முடித்த பிறகே அட்டவணையை எழுத முடிகிறது, எழுதும் இடமும் கோப்பின் கடைசியாகிறது. வீட்டு வட்டில் இதனால் தொல்லை இல்லை. இணையத்தில், முதலிலிருந்து வரிசையாக வரும் கோப்புக்கு அட்டவணை கடைசியில்தான் வந்து சேரும். அட்டவணையைப் பிடுங்கிக் கோப்பின் முன்னே வைத்துவிடும் சிறு செயல் ஒன்று மாற்றும் நிரல்கள் பலவற்றில் உண்டு. விரைவுத் தொடக்கம் என்பது அதன் பெயர். ஏற்றுவதற்கு முன் அதைச் செய்துவிட்டால் காணொளி உடனே ஓடும்.

கோப்பை இணையத்தில் அனுப்பும் கணினியான சர்வரும் ஒத்துழைக்க வேண்டும். 'கோப்பு முழுவதும் வேண்டாம், இந்தப் பைட் முதல் அந்தப் பைட் வரை கொடு' என்று உலாவி கேட்க, சர்வர் 206 என்ற எண்ணோடு அந்தப் பகுதியை மட்டும் அனுப்புவதே முறை. 200 என்ற எண்ணோடு முழுக் கோப்பையும் தள்ளிவிடும் சர்வர்களும் இருக்கின்றன. அங்கே காணொளியின் நடுவுக்குத் தாவ முடிவதில்லை. ஸபாரி இதில் மிகவும் கண்டிப்பானது. முதலில் இரண்டே இரண்டு பைட்டுகளைக் கேட்டுப் பார்க்கிறது. சர்வர் பகுதியாகத் தராவிட்டால் ஓட்டவே மறுத்துவிடுகிறது. மற்ற உலாவிகளில் ஓடும் காணொளி ஐபோனில் மட்டும் ஓடவில்லை என்று வரும் முறையீடுகளில், முதலில் சோதிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

அட்டவணை கடைசியில் எழுதப்படுவதால் நேரும் உண்மையான விபத்து ஒன்று இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டரி தீர்ந்து கருவி அணைந்துவிட்டால், அதுவரை எடுத்த படங்கள் யாவும் குவியலாகக் கோப்பில் இருக்கும். அட்டவணை மட்டும் எழுதப்பட்டிராது. அந்தக் கோப்பை உலாவியும் திறக்காது, வி.எல்.சி.யும் பெரும்பாலும் திறக்காது. ஆயினும் அதே கருவியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்துக் குவியலில் ஒவ்வொரு படத்தின் எல்லையையும் ஊகித்துப் புதிய அட்டவணையைக் கட்டித் தரும் நிரல்கள் உள்ளன. பல வேளைகளில் படம் முழுவதுமோ பெரும்பகுதியோ மீண்டுவிடுகிறது. எனவே அத்தகைய கோப்பை அழிக்காமல், அதே கருவியில் ஒரு நிமிஷமாவது வேறு ஏதேனும் எடுத்து, இரண்டையும் சேர்த்து விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பது செய்யத்தக்கது.